பகை நாடுகள் கைகோக்கும்போது இடையில் வாழ்பவர்களுக்கு என்ன நேர்கிறது?

அரியாலை ஆசிரியர் எழுதியது:

எங்கள் ஊர் வாசிகசாலையில் சனிக்கிழமை மாலைகளில் கூடும் பிள்ளைகள் கடந்த வாரம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். 2020 யூன் மாதத்தில் கல்வான் பள்ளத்தாக்கில் 20 இந்தியப் படையினர் உயிரிழக்கும் அளவுக்கு முற்றிய இந்திய சீனப் பகை, 2024 ஒக்டோபரில் எல்லைச் சுற்றுக்காவல் பற்றி ஏற்பட்ட இணக்கத்தோடும், அதே மாதம் ரஷ்யாவின் கசான் நகரில் இரு நாட்டுத் தலைவர்களும் சந்தித்ததோடும் தணியத் தொடங்கி, 2025 இல் நேரடி விமானச் சேவை மீளத் தொடங்கும் அளவுக்கு வந்துவிட்டது. இந்த இணக்கம் வளர்ந்தால் இலங்கையின் வடக்கில் வாழும் நமக்கு அது நன்மையா, தீமையா என்று கேட்டார்கள். 31 ஆண்டுகள் அரசறிவியல் கற்பித்தவன் நான். ஆனாலும் உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததை இங்கே எழுதுகிறேன். நண்பர்கள் பிழை கண்டால் திருத்துங்கள்.

எனக்கு முதலில் நினைவுக்கு வந்த நாடு வியட்நாம். 1975 ஏப்ரல் 30 இல் சைகோன் வீழ்ந்தபோது, அமெரிக்காவும் வியட்நாமும் இனி ஒருபோதும் ஒரே மேசையில் அமரா என்றுதான் எவரும் எண்ணியிருப்பர். அந்தப் போரில் வியட்நாமுக்குப் பெருந்துணையாக நின்ற அயல்நாடு சீனா. ஆனால் நான்கு ஆண்டுகள் கூட நிறையவில்லை. 1979 பெப்ரவரி 17 இல் அதே சீனாவின் படைகள் வியட்நாமின் வடக்கு எல்லையைக் கடந்தன. வியட்நாம் 1978 நவம்பரில் சோவியத் ஒன்றியத்தோடு நட்புறவு உடன்படிக்கை செய்துகொண்டதும், சீனாவின் ஆதரவு பெற்ற கெமர் ரூஜ் ஆட்சியை அகற்றக் கம்போடியாவுக்குள் படை அனுப்பியதும் அதற்குக் காரணங்கள். 1988 மார்ச்சில் ஸ்பிராட்லித் தீவுகளில் ஜோன்சன் திட்டில் நடந்த மோதலில் 64 வியட்நாம் படையினர் சீனக் கடற்படையின் சூட்டுக்கு இரையானார்கள். தோழமை என்ற சொல்லை இரு கட்சிகளும் ஒரே கொடியின் கீழ் நின்று சொல்லிக்கொண்டிருந்த காலத்திலேயே இவ்வளவும் நடந்தன.

அதன் பிறகு நடந்ததுதான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. சோவியத் ஒன்றியம் தளர்ந்து உதவி வற்றியபோது வியட்நாம் இரு பழைய பகைவரோடும் அடுத்தடுத்து உறவைச் சீராக்கியது. 1991 நவம்பரில் சீனாவோடும், 1995 யூலையில் அமெரிக்காவோடும் உறவு மீண்டது. அதே 1995 யூலையில்தான் அது தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானிலும் இணைந்தது. அமெரிக்கா ஹனோய்க்கு அனுப்பிய முதல் தூதுவர் பீற் பீற்றர்சன், அந்தப் போரில் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு ஆறு ஆண்டுகளுக்கு மேல் வியட்நாமில் சிறைப்பட்டிருந்த விமானி. 2014 மே மாதத்தில் சீனா பரசெல் தீவுகளுக்கு அருகே எண்ணெய் அகழ்வு மேடையொன்றைக் கொண்டுவந்து நிறுத்தியது. 2016 இல் அமெரிக்கா ஆயுத விற்பனைத் தடையை முற்றாக நீக்கியது. 2018 மார்ச்சில் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் ஒன்று டானாங் கடலில் நங்கூரமிட்டது. 2023 செப்ரெம்பரில் பைடன் ஹனோய் வந்து உறவை மிக உயர்ந்த படிக்கு ஏற்றிச் சென்றார். மூன்று மாதங்களில் ஷி ஜின்பிங்கும், மறு ஆண்டு யூனில் புட்டினும் அதே நகருக்கு வந்து போயினர். மூவரையும் ஒரே வாசலில் வரவேற்று அனுப்பிய அந்த நாட்டின் 2019 பாதுகாப்பு வெள்ளை அறிக்கை நான்கு மறுப்புகளைச் சொல்கிறது: இராணுவக் கூட்டணியில் சேர்வதில்லை, ஒரு நாட்டுக்கு எதிராக இன்னொரு நாட்டோடு சேர்வதில்லை, அந்நியர் தளம் அமைக்க இடம் கொடுப்பதில்லை, பலாத்காரத்தைப் பயன்படுத்துவதோ அதைக் காட்டி மிரட்டுவதோ இல்லை.

இதிலிருந்து நான் விளங்கிக்கொள்வது இதுதான். நாடுகள் பழைய பகையை மறந்து சேர்வதில்லை. பழைய பகையைவிடப் பெரிய கவலையொன்று வந்துவிட்டதால் சேர்கின்றன. அந்தக் கவலை நீங்கினால் உறவும் தளரும். 2025 ஏப்ரலில் அமெரிக்கா வியட்நாம் பொருட்கள் மீது 46 வீத வரியை அறிவித்தபோது, முந்தைய ஆண்டுகளின் உறவுமுறைப் பட்டங்கள் எதுவும் அதைத் தடுக்கவில்லை. ஆகவே இந்தியாவும் சீனாவும் இணங்குவதைக் கண்டு நாம் அஞ்சவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம், வியட்நாமைப் போல எல்லோரோடும் அளவோடு பேசக் கற்றுக்கொள்வதே வழி என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என எண்ணியிருக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

தீவகத்தான் எழுதியது:

ஆசிரியருக்கு வணக்கம். நான் நெடுந்தீவில் பிறந்தவன். இப்போது தொழிலுக்காக நகரத்தில் இருக்கிறேன். உங்கள் கேள்விக்கு எங்கள் தீவுகளின் மின்சாரக் கதையே பதிலாக இருக்கும் என்பதால் அதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் தேசிய மின்வலையமைப்போடு இணையாதவை. டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியே வாழ்ந்தோம். டீசலும் படகில்தான் வரவேண்டும். கடல் கொந்தளித்தால் எரிபொருள் வராது. எரிபொருள் வராவிட்டால் இரவில் விளக்கு இராது. இதற்கு மாற்றாகக் காற்றும் சூரிய ஒளியும் மின்கலமும் சேர்ந்த கலப்பு மின் திட்டமொன்று வகுக்கப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் அமைந்த அந்தத் திட்டத்தின் கேள்விப்பத்திரத்தில் சீன நிறுவனமொன்று தெரிவாகி, 2021 ஜனவரியில் அமைச்சரவையும் அனுமதி கொடுத்தது. இராமேசுவரத்திலிருந்து நெடுந்தீவு சுமார் 50 கிலோமீற்றர் தூரத்தில் இருப்பதால் இந்தியா ஆட்சேபம் தெரிவித்தது. அந்த ஆண்டு டிசெம்பரில் சீனத் தூதரகம், மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலை காரணமாகத் திட்டம் நிறுத்தப்படுவதாக அறிவித்தது. அதே மாதத்தில்தான் சீனத் தூதுவர் யாழ்ப்பாணத்துக்கு வந்து, வேட்டி அணிந்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் வழிபட்டு, பொது நூலகத்துக்கும் சென்றார் என்பதை எல்லோரும் அறிவோம்.

2022 மார்ச்சில் இந்தியா அதே மூன்று தீவுகளுக்கும் நன்கொடையாகத் திட்டத்தைச் செய்து தருவதாகப் புரிந்துணர்வு உடன்படிக்கை ஒப்பமாயிற்று. ஒப்பந்தகாரரோடு உடன்படிக்கை செய்தது 2024 மார்ச் 1 இல். மூன்று தீவுகளுக்கும் சேர்த்து 1,700 கிலோவாற் சூரிய மின்சாரம், 530 கிலோவாற் காற்று மின்சாரம், இவற்றோடு மின்கலத் தொகுதியும் மாற்றேற்பாடாக டீசல் இயந்திரமும் அதில் அடங்கும். பெறுமதி சுமார் 11 மில்லியன் அமெரிக்க டொலர்.

முதல் அனுமதிக்கும் அந்த உடன்படிக்கைக்கும் இடையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போயின. அந்த இடைவெளியில் 2022 இன் டீசல் தட்டுப்பாடும் வந்தது. தீவில் இருந்த என் தாயார் அந்த மாதங்களை எப்படிக் கழித்தார் என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும்: போட்டி இல்லாதிருந்தால் நன்கொடையும் வந்திராது, சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் தீவுகளுக்காக இரு பேரரசுகள் அக்கறை காட்டியிராது. ஆனால் தாமதத்துக்கும் அந்தப் போட்டிதான் காரணம். பகை இருந்தபோது எங்களுக்குக் கிடைத்ததும் இழந்ததும் ஒரே கையால் நேர்ந்தன. இனி அவர்கள் இணங்கினால் அந்தக் கை எங்கள் பக்கமே திரும்பாமற் போகலாம் என்பதுதான் என் கவலை.

மலைவேர் எழுதியது:

ஆசிரியர் ஐயா, நான் கிளிநொச்சியில் வசிப்பவள். என் பாட்டனார் நுவரெலியாத் தோட்டமொன்றிலிருந்து எழுபதுகளின் வன்செயல்களுக்குப் பின் இங்கே வந்து காடு வெட்டிக் குடியேறியவர். வியட்நாமை எடுத்துக்காட்டாகச் சொல்கிறீர்கள். ஆனால் அரசுகளின் நட்பு எப்படி முடியும் என்பதற்கு எங்கள் குடும்பத்தின் கடவுச்சீட்டுகளே போதும்.

1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரான எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கியது. அதன் பின் பதினாறு ஆண்டுகள் கொழும்பும் புதுடில்லியும் எங்களைப் பற்றி இழுபறிப்பட்டன. நேரு இந்தியாவின் நிலைப்பாட்டை விட்டுக்கொடுக்கவில்லை. 1962 இல் சீனாவோடு நடந்த போரில் இந்தியா தோற்றது. அயலவர்களோடு பிணக்கு வைத்திருக்க இயலாது என்ற எண்ணம் அங்கே வலுத்த காலத்தில், 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 975,000 பேர் என்று கணக்கிட்டார்கள். அவர்களில் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்ப்பது என்று முடிவாயிற்று. 1974 இல் அந்த எஞ்சியவர்களையும் 75,000, 75,000 என்று சரிபாதியாகப் பிரித்தார்கள். அந்த மக்களின் பிரதிநிதி எவரும் அதில் ஒப்பமிடவில்லை. இரு நாடுகளின் உறவு சீராயிற்று. என் பாட்டியின் தமக்கை மண்டபம் முகாம் வழியாக அனுப்பப்பட்டார். இரு சகோதரிகளும் அதன்பின் நேரில் சந்திக்கவே இல்லை.

அரசுகளின் பெருங்கவலைதான் பகையை நட்பாக்குகிறது என்ற உங்கள் வாக்கியம் சரியானது, ஐயா. அந்த நட்புக்கு யார் விலை கொடுத்தார் என்பதையும் அதே வாக்கியத்தில் சேர்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

வடமராட்சிக் கடலோடி எழுதியது:

தங்கை மலைவேர் சொன்ன அதே 1974 ஆம் ஆண்டில்தான் கச்சதீவு உடன்படிக்கையும் வந்தது. கடல் எல்லையைக் கோடாகக் கீறினார்கள். 1976 இல் பரிமாறிய கடிதங்களில் ஒரு நாட்டுக் கடற்றொழிலாளர் மறுநாட்டுக் கடலில் தொழில் செய்யக்கூடாது என்று எழுதினார்கள். இரு கரைக் கடற்றொழிலாளரையும் கூட்டிவைத்து எவரும் கேட்கவில்லை. இன்று எங்கள் வலைகளை மறுகரையிலிருந்து வரும் இழுவைமடிப் படகுகள் அறுத்துக்கொண்டு போகின்றன. 2017 இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. ஆனாலும் இரவில் கடலில் அந்தச் சட்டத்தைக் கண்டவர் குறைவு. டில்லியும் கொழும்பும் நெருங்கும்போது எங்கள் முறைப்பாடு உறவைக் கெடுக்கும் செய்தியாகிவிடுகிறது. விலகும்போது அதே முறைப்பாட்டைப் பெரிதாகப் பேசுகிறார்கள். இந்த இரண்டு நிலையையும் நான் என் வாழ்நாளில் பலமுறை கண்டுவிட்டேன்.

கோப்பாய்க் குமரன் எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் நான் மாற்றுக் கருத்தை வைக்கிறேன். போட்டியே நமக்குப் பாதுகாப்பு என்பது என் உறுதியான எண்ணம்.

ஜெனிவா வாக்குகளைப் பாருங்கள். ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவையில் 2012 மார்ச்சில் இலங்கை பற்றிய தீர்மானம் 24 வாக்குகளால் நிறைவேறியது. எதிராக 15, நடுநிலை 8. இந்தியா ஆதரித்தது, சீனா எதிர்த்தது. 2013 இலும் இந்தியா ஆதரித்தது. அந்த ஆண்டுகளை ஒட்டிய காலத்தில்தான் கொழும்பு அரசு பீஜிங்கின் பக்கம் வேகமாகச் சாய்ந்து, அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீனக் கடனில் கட்டி, கொழும்புத் துறைமுக நகரத்தைச் சீன முதலீட்டில் திட்டமிட்டது. 2015 இல் ஆட்சி மாறியது. மேற்கோடும் இந்தியாவோடும் உறவு சீரானது. உடனே தீர்மானத்தின் தொனி மாறி, இலங்கையே இணை அனுசரணை வழங்கும் தீர்மானமாக அது ஒக்டோபரில் ஏகமனதாக நிறைவேறியது. 2021 மார்ச்சில் வந்த தீர்மானத்துக்கு ஆதரவு 22, எதிர்ப்பு 11, நடுநிலை 14. நடுநிலை வகித்தவர்களில் இந்தியாவும் ஒன்று.

இந்தப் பட்டியலை நான் எப்படி வாசிக்கிறேன் என்றால், பெரிய நாடுகள் தமக்குள் உரசும் காலத்தில்தான் நமது பெயர் மேசைக்கு வருகிறது. உரசல் நின்றால் பெயரும் மறைகிறது. ஆகையால் இந்தியாவும் சீனாவும் இணங்குவதைக் கண்டு அஞ்ச வேண்டாம் என்ற ஆசிரியரின் அறிவுரையை என்னால் ஏற்க இயலவில்லை. நாம் இந்தியாவின் பாதுகாப்புக் கவலையின் ஒரு பகுதியாக இருக்கும்வரைதான் நமக்குப் பெறுமதி உண்டு. அதைத் தெளிவாகச் சொல்லி ஒரே பக்கம் உறுதியாக நிற்பதே அறிவுடைமை.

சட்ட மாணவி எழுதியது:

குமரன் அண்ணா, வாக்குகளின் கணக்கு சரி. அதிலிருந்து எடுத்த முடிவோடு நான் உடன்படவில்லை. ஒரு பெரிய அயலவரின் பாதுகாப்புக் கவலையில் தம்மை முழுமையாக ஒப்படைத்த மக்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு 1975 மார்ச் 6 ஐ எண்ணிப் பாருங்கள்.

ஈராக்கின் குர்து மக்கள் முஸ்தபா பர்சானியின் தலைமையில் பாக்தாத் அரசோடு போரிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஆயுதமும் பணமும் பீரங்கிச் சூட்டுத் துணையும் கொடுத்தது ஈரானின் ஷா மன்னர். அமெரிக்காவும் மறைமுகமாக உதவியது. ஈரானும் ஈராக்கும் நெடுநாள் பகை நாடுகள். ஷத் அல் அராப் ஆற்றின் எல்லையே முக்கிய பிணக்கு. அன்று அல்ஜியர்ஸ் நகரில் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் உச்சி மாநாட்டில் அல்ஜீரிய அதிபர் பூமேதியனின் மத்தியஸ்தத்தோடு ஷாவும் சதாம் உசேனும் இணங்கினார்கள். ஆற்றின் எல்லை நடு நீரோட்டத்தின் வழியே செல்லும் என்று ஈராக் விட்டுக்கொடுத்தது. அதற்கு ஈடாக ஈரான் எல்லையை மூடியது. குர்துகளுக்கான உதவி உடனே நின்றது. சில வாரங்களில் அந்தப் போராட்டம் முற்றாகச் சிதறி, பெருந்தொகையானோர் ஈரானுக்குள் அகதிகளாக ஓடினார்கள்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது பின்கதை. 1980 செப்ரெம்பரில் சதாம் அந்த உடன்படிக்கையைக் கிழித்தெறிந்தார். எட்டு ஆண்டுகள் இரு நாடுகளும் மீண்டும் போரிட்டன. அதாவது அரசுகளின் நட்பு ஆறு ஆண்டுகள் கூட நிலைக்கவில்லை. ஆனால் அதற்காகக் கைவிடப்பட்ட மக்களின் இழப்பை எவரும் திருப்பிக் கொடுக்கவில்லை. பகை நீடிக்கும் என்ற நம்பிக்கையில் வீடு கட்டுவது, வாடகைக்கு எடுத்த காணியில் வீடு கட்டுவது போன்றது, அண்ணா. காணிக்காரர் நினைத்த நாளில் நாம் எழும்ப வேண்டும்.

ஆசிரியரிடமும் ஒரு குறுக்குக் கேள்வி. வியட்நாம் நான்கு மறுப்புகளைச் சொல்ல முடிந்தது, அதற்கு அரசும் படையும் ஐக்கிய நாடுகளில் ஆசனமும் இருந்தபடியால். நமக்கு இவற்றில் எது இருக்கிறது? அரசு ஒன்றின் உத்தியை அரசற்ற மக்களுக்குப் பாடமாகச் சொல்வது பொருந்துமா?

கோப்பாய்க் குமரன் எழுதியது:

தங்கையின் வாதத்தில் உண்மை இருக்கிறது. அல்ஜியர்ஸ் உடன்படிக்கையை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆயினும் ஒன்று கேட்கிறேன்: இந்தியாவை நம்ப வேண்டாம், போட்டியை நம்ப வேண்டாம், வியட்நாமின் வழியும் பொருந்தாது என்றால் மிஞ்சுவது என்ன? கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதா?

அரியாலை ஆசிரியர் எழுதியது:

சட்ட மாணவியின் குறுக்குக் கேள்விக்கு என்னிடம் மறுப்பில்லை. அரசு உள்ளவரின் வழியை அரசற்றவருக்கு அப்படியே சொன்னது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். மலைவேர் எழுதியதை வாசித்த பின் நான் முதலில் எழுதியிருக்க வேண்டியது வியட்நாமைப் பற்றியல்ல, 1987 ஐப் பற்றி என்று தோன்றியது. வாழ்ந்து கண்டதை விட்டுவிட்டுத் தொலைவில் தேடியிருக்கிறேன்.

1987 யூன் 4 அன்று எனக்கு வயது 35. பொருளாதாரத் தடையால் அரிசியும் மண்ணெண்ணெயும் தட்டுப்பட்டிருந்த நாட்கள். இராமேசுவரத்திலிருந்து நிவாரணம் ஏற்றிவந்த படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியிருந்தது. அன்று பிற்பகல் மிராஜ் போர் விமானங்களின் காவலோடு ஐந்து அன்ரனோவ்-32 விமானங்கள் யாழ்ப்பாணத்துக்கு மேல் வந்து பொதிகளைப் பரசூட்டில் இறக்கின. முற்றத்தில் நின்ற அயலவர்கள் கைகூப்பி அழுததை நான் கண்டேன். நானும் அழுதேன். ஒரு பெரிய நாடு நமக்காகத் தன் அயல் நாட்டின் வான் எல்லையைக் கடந்துவிட்டது என்ற எண்ணம் அந்த நாளில் தந்த ஆறுதலை இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொல்லால் விளக்க முடியாது.

இரண்டு மாதம் நிறையவில்லை. யூலை 29 இல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்த்தனவும் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டார்கள். நம்மில் பெரும்பாலானோர் ஒப்பந்தத்தின் முதற்பகுதியை மட்டுமே வாசித்தோம்: வடக்கு கிழக்கு இணைப்பு, மாகாண சபை, மொழி உரிமை. அதே நாளில் இருவரும் பரிமாறிய கடிதங்களைப் பற்றி அப்போது பேசியவர் குறைவு. அந்தக் கடிதத்தில் இந்தியாவுக்கு வேண்டியவை நான்கு இருந்தன. இலங்கையிலுள்ள அந்நிய இராணுவ, புலனாய்வு ஆட்களின் பணி குறித்து இரு நாடுகளும் புரிந்துணர்வுக்கு வருவது. திருகோணமலையோ வேறு துறைமுகமோ இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் கொடுக்கப்படாதிருப்பது. திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகளை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைத்து இயக்குவது. அந்நிய வானொலி நிலையங்கள் இராணுவ, புலனாய்வுத் தேவைக்குப் பயன்படாதபடி அவற்றோடான உடன்பாடுகளை மீளாய்வு செய்வது. ஜயவர்த்தன அரசு அமெரிக்கா, பாகிஸ்தான், இஸ்ரேல் பக்கம் சாய்ந்திருந்ததே புதுடில்லியின் பெரிய கவலை. அந்தக் கவலைக்கு மருந்து இந்தக் கடிதத்தில்தான் இருந்தது. ஒக்டோபரில் இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் இடையே நம் ஒழுங்கைகளில் நடந்த சண்டையைப் பற்றி இங்கே எழுத எனக்கு மனமில்லை. பொதிகள் இறங்கிய அதே வானத்தில் அதன்பின் கேட்ட ஓசைகள் வேறு.

இப்போது இரண்டு பகுதிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒப்பந்தத்தில் நமக்குச் சொல்லப்பட்ட வடக்கு கிழக்கு இணைப்பை 2006 இல் உயர் நீதிமன்றம் செல்லாதது என்று தீர்த்தது. அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்தின் கீழ் அமைந்த வட மாகாண சபைக்கு முதலாவது தேர்தல் நடந்தது 2013 செப்ரெம்பரில். 2018 ஒக்டோபரில் அதன் பதவிக்காலம் முடிந்தபின் தேர்தல் ஆண்டுக்காண்டு தள்ளிப்போடப்பட்டது. கடிதத்தில் சொன்னவை எப்படி நடந்தன? எண்ணெய்த் தாங்கிகளுக்காக 2003 இல் இந்திய நிறுவனம் திருகோணமலைக்கு வந்தது. 2022 ஜனவரியில் 99 தாங்கிகளில் 14 ஐ அந்த நிறுவனமும் 24 ஐ இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் 61 ஐ இரண்டும் சேர்ந்த கம்பனியும் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு ஒப்பமாயிற்று. 2025 ஏப்ரல் 5 இல் இந்தியப் பிரதமர் கொழும்பு வந்தபோது, இரு நாடுகளுக்கும் இடையே பாதுகாப்பு ஒத்துழைப்புப் புரிந்துணர்வு உடன்படிக்கையும், ஐக்கிய அரபு இராச்சியத்தையும் சேர்த்துத் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் உடன்படிக்கையும் ஒப்பமாகின. 38 ஆண்டுகள் தாமதமாகவேனும் கடிதம் நடக்கிறது. ஒப்பந்தத்தில் நம்மைப் பற்றிய பகுதி நின்ற இடத்தில் நிற்கிறது.

குமரன் தம்பி, நீங்கள் கேட்டதற்கு நேர் விடை என்னிடம் இல்லை. ஆனால் எங்கே தவறினோம் என்பது தெரிகிறது. நாம் பொதிகளைப் பார்த்தோம், கடிதத்தைப் பார்க்கவில்லை. ஒரு நாடு நமக்காகப் பரிந்து வரும்போது அதன் சொந்தக் கவலை என்ன, அந்தக் கவலை எந்த விலைக்குத் தீரும், தீர்ந்த மறுநாள் நம் கோரிக்கை எந்தத் தாளில் எழுதப்பட்டிருக்கும் என்று கேட்டிருக்க வேண்டும். இதைக் கேட்பதற்கு அரசு தேவையில்லை.

மலைவேர் எழுதியது:

ஐயா முதற் பதிவில் வியட்நாமைப் பற்றி எழுதியதில் ஒரு பகுதி விடுபட்டுப்போனது. குமரன் அண்ணாவின் கேள்விக்கு அதில் விடையின் ஒரு துண்டு இருப்பதாக எனக்குப்படுகிறது.

அமெரிக்காவும் வியட்நாமும் பேசத் தொடங்கியது வர்த்தகத்தைப் பற்றியோ சீனாவைப் பற்றியோ அல்ல. காணாமற்போன அமெரிக்கப் படையினரைப் பற்றித்தான் முதலில் பேசினார்கள். அந்தப் படையினரின் குடும்பங்கள் 1970 இலேயே சங்கமாகத் திரண்டு, எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இந்தக் கணக்கு முடியாமல் ஹனோயோடு உறவு இல்லை என்ற நிலையை வாஷிங்டனில் உண்டாக்கின. 1987 ஓகஸ்டில், நம்முடைய ஒப்பந்தம் கைச்சாத்தாகிச் சில நாட்களில், ரீகனின் தூதுவராக ஜெனரல் வெஸ்ஸி ஹனோய்க்குப் போனதும் அதற்காகவே. வயல்களையும் காடுகளையும் இரு நாட்டவரும் சேர்ந்து தோண்டி எலும்புகளைத் தேடினார்கள். உறவு அந்தக் குழிகளின் ஓரத்தில் இருந்துதான் வளர்ந்தது.

வியட்நாம் தரப்பிலும் காணாமற்போனவர்கள் உண்டு. மூன்று இலட்சம் என்பது பரவலாகச் சொல்லப்படும் தொகை. அவர்களைத் தேட அமெரிக்கா உதவுவதற்கான உடன்படிக்கை 2021 யூலையில்தான் ஒப்பமாயிற்று. பலமுள்ள நாட்டின் தாய்மாருக்கு முதலில், பலமற்ற நாட்டின் தாய்மாருக்கு நெடுங்காலம் கழித்து. அது அநீதிதான். ஆனாலும் ஐயா, குமரன் அண்ணா, அரசுகளின் கணக்கேட்டில் இல்லாத ஒரு வரியைக் குடும்பங்கள் விடாமல் நின்று எழுதுவித்தன என்பதும் நடந்த உண்மை.

2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் போராட்டம் தொடங்கியபோது என் மாமியும் அங்கே போய் இருந்தார். மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு எட்டு ஆண்டுகளுக்கு மேலாகப் போய்வருகிறார். எந்த நாடு எந்த நாட்டோடு சேர்ந்தாலும் அவருடைய கேள்வி மாறவில்லை. அமெரிக்கத் தூதுவர் வந்தபோதும் கேட்டார், இந்திய உயர்ஸ்தானிகர் வந்தபோதும் கேட்டார், ஐக்கிய நாடுகளின் அதிகாரி வந்தபோதும் கேட்டார். ஒரே கேள்வி, ஒரே படம். கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது என்று அதை எவரும் சொல்லமுடியாது.

சட்ட மாணவி எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். அமெரிக்கக் குடும்பங்களின் கேள்வி அரசின் நிபந்தனையாக மாறியது, அது பெயர்ப்பட்டியலாக, கடைசியாகக் கண்ட இடமாக, நாளாக எழுதப்பட்டிருந்தபடியால். 1987 கடிதங்களில் இந்தியாவின் கோரிக்கைகளும் அதே போலத் துறைமுகம், தாங்கி, வானொலி என்று பெயர் சொல்லி எழுதப்பட்டவை. ஒப்பந்தத்தில் நம்மைப் பற்றிய வாசகங்களோ பெரும்பாலும் எண்ணங்களாகவும் எதிர்பார்ப்புகளாகவும் இருந்தன. இணைப்பு கூடத் தற்காலிகமானது, 1988 டிசெம்பர் 31 இற்குள் கிழக்கில் சர்வசன வாக்கெடுப்பு, அதை ஒத்திவைக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் என்று தளர்வாகவே வரையப்பட்டிருந்தது. தளர்வான வாசகத்தை நீதிமன்றத்திலும் காக்க முடியாது, மேசையிலும் காக்க முடியாது.

தீவகத்தான் எழுதியது:

எங்கள் தீவு மின்சாரத்துக்கும் இது பொருந்தும். திட்டம் யார் கையில் போனாலும், எத்தனை மணிநேரம் மின்சாரம், அலகுக்கு என்ன விலை, பழுதுபார்க்கத் தீவில் எத்தனை பேருக்குப் பயிற்சி என்ற மூன்றையும் ஊரவர் எழுதிக் கொடுத்ததாக நான் அறியவில்லை. சீனமா இந்தியமா என்றுதான் நாமும் பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பெரியவர்களோடும் சங்கக்காரரோடும் கதைக்கிறேன்.

வடமராட்சிக் கடலோடி எழுதியது:

வலை அறுந்த நாளும் கடலிடமும் இழப்பின் பெறுமதியும் எங்கள் சங்கத்தில் கொப்பியில் பதிவாகி இருக்கின்றன. இரண்டு கொப்பிகள் நிரம்பிவிட்டன. யாராவது அதை ஒழுங்காகத் தட்டெழுதித் தர முன்வந்தால் நன்றாயிருக்கும்.

சட்ட மாணவி எழுதியது:

நான் செய்கிறேன், அண்ணா. கொப்பிகளைப் படமெடுத்து அனுப்புங்கள்.

அரியாலை ஆசிரியர் எழுதியது:

நன்றி, பிள்ளைகளே. வருகிற சனிக்கிழமை மாலை 4 மணிக்கு வாசிகசாலையில் 1987 ஒப்பந்தத்தையும் இணைப்புக் கடிதங்களையும் வரிவரியாக வாசிப்பதாக முடிவு செய்திருக்கிறேன். முதலில் கடிதங்கள், அதன் பின் ஒப்பந்தம். என்னிடம் இருக்கும் பிரதி மங்கிப் போயிருப்பதால் புதிதாக 20 பிரதிகள் எடுக்கக் கொடுத்திருக்கிறேன். 1964 ஒப்பந்தத்தின் வாசகத்தையும் சேர்க்கிறேன். மலைவேர் வர இயலுமானால் அதை அவரே வாசித்து விளக்கட்டும். கிளிநொச்சிக்குத் திரும்பிப் போகக் கடைசி பஸ் நேரத்தை எனக்கு எழுதுங்கள், அதற்கேற்ப முடித்துவிடலாம்.